கிண்ணம் யார் கையில்?

போன மாதம் முதியோர் பென்சன் வாங்க வந்த ஒரு அப்பத்தா, பாஸ்புக்கைத் தேடி மஞ்சப்பையை என் கவுண்டர் மேலேயே கவிழ்த்துவிட்டது. வெத்திலைப் பொட்டலம், ரேசன் கார்டு, ஒரு செபமாலை, கூடவே ரெண்டு துண்டுப் பிரசுரம். ஒன்று, மாதா சுரூபத்துக்கு மாலை போடுகிறவன் நரகத்துக்குப் போவான் என்கிற தினுசு. இன்னொன்று, கன்னியாஸ்திரீயைக் கட்டிக்கொள்வதற்காக ஒரு சாமியார் ஆரம்பித்த மதம்தான் லூத்தர் மதம் என்கிற தினுசு. ரெண்டும் அச்சடித்தது வேறு வேறு ஊரில். தாளும் மையும் மட்டும் ஒரே தரம்.

"ரெண்டையும் எதுக்கு அப்பத்தா சுமக்கிறீங்க?"

"ஒண்ணு மூத்தவன் குடுத்தது, ஒண்ணு இளையவன் குடுத்தது. எனக்கு எழுத்தாத் தெரியும் ராசா? ஒண்ணக் கிழிச்சா மத்தவனுக்குக் கொண்டாட்டமாப் போயிரும். அதான் ரெண்டும் கெடக்கட்டும்னு வச்சிருக்கேன்."

மூத்தவர் ஆர்.சி. கோயிலுக்குப் போகிறார். இளையவர் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறார். ரெண்டு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது சண்டை, ஆத்தாளை எங்கே புதைப்பது என்று. உயிரோடு இருக்கும்போதே. கோயில் கல்லறையில் என்கிறார் மூத்தவர். சபை வாங்கிப் போட்ட இடத்தில் என்கிறார் இளையவர்.

"கோயில் கல்லறையில நம்ம சனத்துக்கு எது எடம்?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"ஓடைக்கரை ஓரந்தான். எங்க மாமியாரு காலத்துல இருந்து அதான."

"சபைக்காரங்க வாங்கின எடம்?"

"அதுவும் ஓடைக்கரைதான் ராசா. அது அக்கரை."

வரிசையில் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த அக்கரையும் இக்கரையும் ராத்திரி தூங்கவிடவில்லை. இந்த இதழின் தலையங்கத்தை வேறொரு விசயம் பற்றி எழுதி வைத்திருந்தேன். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தோழர்களே, இந்தத் துண்டுப் பிரசுரச் சண்டை நேற்றுச் சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ முளைத்ததில்லை. இதற்கு ஐநூறு வயசு. 1517இல் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து எழுதினார். அடுத்த நாலு வருசத்தில் அச்சகங்கள் இந்தச் சண்டையை ஜெர்மனி முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோய்விட்டன. படிக்கத் தெரியாதவனுக்குப் படம். 1521இல் லூக்காஸ் கிரானாக் என்ற ஓவியரின் மரச்செதுக்குப் படங்களோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. ஒரு பக்கம் கிறிஸ்து, எதிர்ப்பக்கம் போப். இந்தப் பக்கம் கிறிஸ்து குனிந்து சீடர்களின் காலைக் கழுவுகிறார். அந்தப் பக்கம் போப் உட்கார்ந்தபடி முத்தமிடச் சொல்லிக் காலை நீட்டுகிறார். வசனமே வேண்டாம். இன்றைக்கு நம் சுவரொட்டி ஓவியர்கள் எவரும் பொறாமைப்படக்கூடிய வேலை அது. போப்தான் அந்திக்கிறிஸ்து என்ற வாதம் அப்படித்தான் சந்தைக்கு வந்து, தெருவுக்கு வந்து, வயக்காட்டுக்கும் வந்தது.

வயக்காட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1525 மார்ச்சில் மெம்மிங்கன் என்ற ஊரில் ஜெர்மானியப் பண்ணையடிமைகளும் குடியானவர்களும் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுதினார்கள். கிறிஸ்து எல்லாருக்குமாகத்தானே ரத்தம் சிந்தினார், அப்படியிருக்க நாங்கள் மட்டும் எப்படி ஒருத்தனுக்குச் சொந்தமான ஆளாக இருக்க முடியும் என்று கேட்டார்கள். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்றார்கள். காட்டிலே விறகு, ஆற்றிலே மீன், எல்லாருக்கும் வேண்டும் என்றார்கள். போப்பை எதிர்த்து லூத்தர் பேசிய சுதந்திரத்தை, கால்வயிற்றுக் கஞ்சிக்காரன் தன் சுதந்திரம் என்று நம்பிவிட்டான். லூத்தர் முதலில் ரெண்டு தரப்பையும் கண்டித்தார். பிறகு கலகக்காரர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதினார். செத்தவர் தொகையை ஒரு லட்சம் வரை சொல்கிறார்கள். எழுத்தில் பெரிய கலகக்காரனாக இருப்பவன், கலகம் தன் வீட்டுக் கொல்லைக்கு வந்ததும் யார் பக்கம் நிற்பான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. (நம் பக்கத்து முற்போக்குக் கவிஞர்கள் சிலர் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

அந்தச் சண்டைதான் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

1706 ஜூலையில் டென்மார்க் அரசன் அனுப்பிய ரெண்டு ஜெர்மானிய லூத்தரன்கள், சீகன்பால்கும் புளுட்சாவும், தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அப்போது மதுரை மிஷனுக்கு நூறு வயசு. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, பூணூலோடும் காவியோடும் தன்னை ரோமாபுரி ராசவம்சத்துச் சந்நியாசி என்று சொல்லிக்கொண்டு, சேரிப் பக்கம் தலைவைக்காமல் மேல்சாதிக்கு மட்டும் வேதம் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 1640 முதல் மற்ற சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் தனியாக நியமிக்கப்பட்டார்கள். சாமியாரிலேயே ரெண்டு சாதி. கர்த்தர் ஒருவர், டம்ளர் ரெண்டு.

சீகன்பால்க் அச்சு எந்திரம் கொண்டுவரச் செய்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி வந்தது. இங்கே ஒரு வேடிக்கை. 1708இல் அவர் தன்னிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். அதில் கத்தோலிக்கர் எழுதிய தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றிலிருந்துதான் கிறிஸ்தவத் தமிழின் பல சொற்களை அவர் கற்றுக்கொண்டார். தப்பு என்று தனக்குப் பட்டதை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தினார். எவனைத் திட்டுகிறோமோ அவன் வீட்டு உலையில்தான் சோறு.

பதிலடி கொடுக்க வந்தவர் சாமான்யப்பட்டவரா? கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நம் பாடப்புத்தகத்து வீரமாமுனிவர். 1726இல் தேம்பாவணி, 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி. இவற்றுக்கு நடுவே, 1728இல், லூத்தரன்களை எதிர்த்து வேதவிளக்கம். லூத்தரன்கள் தங்கள் தரப்பில் 'திருச்சபைப் பேதகம்' என்று ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்கள். அதற்கு அவர் 'பேதகமறுத்தல்' எழுதினார். 'லுத்தேரினத்தியல்பு' என்று இன்னொன்றும் எழுதினார். போப்பாண்டவர் யார், மாதா வணக்கம் சரியா, சுரூபம் வைக்கலாமா, உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா, பழைய சபை எது புதுச் சபை எது? ஜெர்மனியில் இருநூறு வருசம் அடித்துத் துவைத்த அத்தனையும் காவிரிக் கரையில் நல்ல தமிழ் உரைநடையில் மறுபடி துவைக்கப்பட்டன. தமிழ் உரைநடை வளர்ந்த கதையில் இந்தச் சண்டைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். கவிதை எழுதுகிறவன் எவன்தான் சதுரகராதி போட்ட மனுசனை வெறுப்பான்?

ஆனால் சொற்களைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். கத்தோலிக்கத் தமிழில் பிரிந்து போனவனுக்குப் பெயர் பதிதன். லூத்தரன்கள் பதிதர். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தர்மசாஸ்திரத்திலிருந்து. சாதியிலிருந்து விழுந்தவன், விலக்கப்பட்டவன், பந்தியில் சேர்க்கக்கூடாதவன் பதிதன். ஐரோப்பாவில் கொள்கை மாறியவனுக்கு இருந்த வசைச்சொல்லை இங்கே மொழிபெயர்க்கத் தேடியபோது கையில் அகப்பட்டது, சாதிகெட்டவனுக்குப் பார்ப்பனர் வைத்திருந்த பெயர். 'லுத்தேரினத்தியல்பு' என்ற தலைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இனம் என்றால் அந்தக் காலத்தில் கூட்டம் என்றும் அர்த்தம், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 'அந்த இனத்துக்கு அதுதான் இயல்பு' என்ற வாக்கியத்தை நாம் டீக்கடையில் வேறு எதற்குக் கேட்டு வளர்ந்தோம்? எதிரியைத் திட்ட வேண்டும் என்றால் அவனைச் சாதிக்கு வெளியே தள்ளித்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

லூத்தரன் தரப்பு வசைக்கும் குறைவில்லை. கத்தோலிக்கனும் அஞ்ஞானியும் ஒன்று என்பது அவர்கள் வாதம். சுரூபம், தேர், சப்பரம், மேளம், மெழுகுவர்த்தி எல்லாம் விக்கிரக ஆராதனை. சரி, அந்தச் சப்பரம் எந்தத் தெருவுக்குள் வருகிறது, எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது, வடம் பிடிப்பவன் யார், மேளம் அடிப்பவன் யார்? நம்ம பள்ளத்தாக்கில் இன்றைக்கும் ஒரு திருவிழா என்றால் நாம் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. சப்பரமே கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதினவர்கள், அது சேரிக்கு வருமா என்ற கேள்வியைத் தங்கள் குற்றச்சாட்டில் முதலாவதாக வைக்கவில்லை.

இன்னொன்று. வேதவிளக்கத்தில் வீரமாமுனிவர் தரங்கம்பாடி வேதப்புத்தகத்தின் தமிழைப் பார்த்துச் சிரி சிரி என்று சிரிக்கிறார். படிக்கச் சகிக்காத தமிழ், வேதத்துக்கே அவமானம் என்பது அவர் தீர்ப்பு. இலக்கணம் எழுதியவர், காவியம் எழுதியவர், சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மொழிபெயர்ப்பில் குறைகள் நிறைய என்பதும் உண்மை. ஆனால் அதே கொச்சைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தஞ்சாவூர்ப் பாளையத்தில் ஒருத்தன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அவன் நம்மாள்.

பெயர் ராசநாயக்கன். பறையர். குடும்பம் ஏற்கெனவே கத்தோலிக்கம். தஞ்சை மராட்டிய அரசனின் படையில் ஒரு சின்ன அதிகாரி. தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி அவர் கைக்குக் கிடைக்கிறது. படிக்கிறார். எந்தச் சாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லவில்லை. அவராகப் படித்து, அவராக யோசித்து, அவராகத் தரங்கம்பாடிக்காரர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டு, 1727 வாக்கில் லூத்தரன் சபையில் சேருகிறார். பட்டாளத்தை விட்டுவிட்டு உபதேசியார் ஆகிறார்.

ஒரு பறையன் புத்தகம் படித்துவிட்டு மதம் மாறினான் என்பது அந்தக் காலத்தில் சும்மா விசயமா? கத்தோலிக்கத் தரப்பு கொதித்தது. அவரைத் திருப்பிக் கொண்டுவர முயற்சி செய்தவர்களில் வீரமாமுனிவரும் ஒருவர். காவியம் பாடுகிற கை ஒரு பறைச் சிப்பாயை இழுத்துப் பிடிக்க நீண்டது என்றால், அந்தச் சிப்பாயின் வாசிப்பு எவ்வளவு பெரிய இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ராசநாயக்கன் திரும்பவில்லை. அவருக்கும் குடும்பத்துக்கும் மிரட்டலும் அடியும் வந்தன. அப்போதும் திரும்பவில்லை. தஞ்சை, அதைச் சுற்றின ஊர்கள் என்று நடந்து நடந்து சபை கட்டினார். தஞ்சாவூர்ச் சீமைக்குள் தரங்கம்பாடி வெள்ளைக்காரர்கள் இஷ்டத்துக்குக் காலெடுத்து வைக்க முடியாத காலம் அது. அங்கே லூத்தரன் சபை வேர் பிடித்தது இவரைப் போன்றவர்களின் காலால்.

இப்போது மற்றப் பக்கம். 1733இல் தரங்கம்பாடி மிஷன் தமிழர்களில் முதல் ஆளாக ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. ஆரோன். வெள்ளாளர். இந்தியாவின் முதல் சுதேசிப் புராட்டஸ்டண்டு குரு என்று சபை வரலாறுகள் கொண்டாடும். அடுத்து ரெண்டாவது ஆள் வேண்டும். ராசநாயக்கனின் பெயர் வருகிறது. உழைப்பில், அனுபவத்தில், பட்ட அடியில் அவருக்கு முன்னால் நிற்க யார்? ஆனால் 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு. அவரும் பறையர் இல்லை.

ராசநாயக்கனுக்கு ஏன் இல்லை? மிஷனரிகளே காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் நல்லவர், உத்தமமான ஊழியர், சந்தேகமில்லை. ஆனால் அவர் கையால் இராப்போசனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தால் இராப்போசனத்தின் மீதே அவர்களுக்கு மதிப்புக் குறைந்துவிடும். விசயம் அவ்வளவுதான். திருவிருந்தின் புனிதத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பறையனின் கை விலக்கப்பட்டது.

இதை ரெண்டு தடவை படித்துப் பாருங்கள். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் ரத்தமாகவும் மாறுகிறதா, அல்லது அவற்றோடு சேர்ந்து இருக்கிறதா என்று கத்தோலிக்கனும் லூத்தரனும் இருநூறு வருசமாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தக் கிண்ணம் பாமரனுக்கும் உண்டு, குருவுக்கு மட்டும் இல்லை என்று சொல்லித்தான் லூத்தரன் மார்தட்டினான். இங்கே வந்ததும் கேள்வி மாறிவிட்டது. கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பது போய், கிண்ணத்தைப் பிடித்திருக்கிற கை எந்தச் சாதி என்று ஆனது. அந்தக் கேள்விக்கு மட்டும் ரோமாபுரிக்கும் விட்டன்பர்க்குக்கும் ஒரே பதில்.

தரங்கம்பாடி எருசலேம் கோயிலில் சூத்திரக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், பறைக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், நடுவே இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கத்தோலிக்கத் தரப்பு எப்படி? 1704இல் போப்பின் தூதராக வந்த துர்னோன் பாண்டிச்சேரியில் ஒரு ஆணை போட்டார். சாகக்கிடக்கும் பறையரின் வீட்டுக்குள்ளேயே போய்ச் சாமியார் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. சாகப்போகிறவன் குடிசைக்குள் குனிந்து நுழைய வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. அதை எதிர்த்து யேசு சபையார் நாற்பது வருசம் ரோமாபுரியில் வழக்காடினார்கள். நுழைந்தால் மேல்சாதிக்காரன் எங்களைத் தீட்டென்பான், மிஷனே அழிந்துவிடும் என்று வாதம். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதிசெய்தார். அப்புறம் என்ன ஏற்பாடு வந்தது தெரியுமா? பறையருக்கென்று தனிச் சாமியார்கள். மேல்சாதிக்குப் போகிறவர் மேல்சாதிக்கே. ஆணையும் நிறைவேறியது, தீண்டாமையும் நிறைவேறியது. நம்ம ஊர் அதிகாரிகள் கலெக்டர் உத்தரவை நிறைவேற்றும் லாவகம் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ என்னவோ.

ரெண்டு தரப்பு வாதப் புத்தகங்களும் ஒன்றையொன்று பற்றி எல்லாம் சொல்கின்றன. இந்த விசயத்தில் மட்டும் ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்கிறார்கள்.

பின்னால் வந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும் தஞ்சாவூர் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொந்தளித்தார்கள். பலர் சாதியைச் சகித்துக்கொள்கிற ஜெர்மானிய லூத்தரன் மிஷனுக்குப் போனார்கள். இப்போது சபை விட்டுச் சபை தாவுவதன் காரணம் போப்பும் இல்லை, மாதாவும் இல்லை. நம்ம கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் வந்த அமெரிக்கன் மதுரை மிஷன், 1834இல் மதுரையில் தொடங்கியது, 1847இல் சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிடாதவனுக்குச் சபையில் வேலை இல்லை என்று கறாராக நின்றது. பல உபதேசியார்கள் சோற்றுக்கு முன்னால் எழுந்து போனார்கள். அந்த மிஷனை நான் குறை சொல்ல மாட்டேன். என் தாத்தா அரிச்சுவடி படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். ஆனால் எழுந்து போனவன் நேரே எங்கே போவான்? எதிர்த்த சபைக்கு. அங்கே அவனுக்கு இலை போட்டு வைத்திருப்பார்கள். சபைகளுக்குள் போட்டி இருக்கிறவரைக்கும் சாதிக்காரனுக்கு எப்போதும் இன்னொரு கதவு திறந்திருக்கும். சேரிக்காரனுக்கும் அந்தக் கதவு திறக்கும், பின்பக்கமாக.

இதையெல்லாம் எழுதினால் காவிக்காரன் உடனே கைதட்டுவான் என்று எனக்குத் தெரியும். "பாத்தீங்களா, அங்க போயும் சாதி போகல, பேசாம இங்கயே இருங்க." ஐயா, அந்தப் பதிதன் என்ற சொல்லை அவர்களுக்குக் கடன் கொடுத்தது யார்? வீட்டைக் கொளுத்தினவனே, பக்கத்து வீட்டிலும் புகை வருகிறது பார் என்று நம்மைத் திரும்பக் கூப்பிடுகிறான். 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து இல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சேர்க்கச் சொன்னது. மறுபடி பாலகிருஷ்ணன் ஆணையம் 2022இல் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கல்லறையில் பறையன், சர்ட்டிபிகேட்டில் பி.சி. இந்தச் சட்டத்தின் முன்னால் மட்டும் மாதாவுக்கு மாலை போடுகிறவனும் மாலை போடாதவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். எந்த வாதப் புத்தகத்தாலும் செய்ய முடியாத சபை ஐக்கியத்தை டெல்லி ஒரே பாராவில் செய்துவிட்டது.

இதிலே நம்ம பையன்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே காலனியில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டி, சாயங்காலம் வந்து ஒருத்தனை ஒருத்தன் பதிதன் என்றும் விக்கிரகாராதனைக்காரன் என்றும் திட்டிக்கொள்கிறார்கள். நம்ம பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழம் பறிக்க நம்ம பொம்பளைகள் கை ஆகிறது. பறித்துக் கூடையில் அடுக்கிப் பெட்டியில் ஏற்றுகிற வரைக்கும் எந்தத் தீட்டும் இல்லை. கிண்ணத்துக்கு வரும்போதுதான் கையைப் பார்க்கிறார்கள்.

எந்தச் சபைக்கும் போகாதே என்று சொல்ல இந்தத் தலையங்கம் எழுதவில்லை. ராசநாயக்கன் போனார். படித்து, பிடித்து, அடி வாங்கியும் போனார். அவர் ஏமாளி இல்லை. வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடிக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் தனக்கு வேண்டியதை, ஒரு புத்தகத்தை, அவர் உருவி எடுத்துக்கொண்டார். குருப்பட்டம் மறுத்தார்கள் என்பதற்காக அந்தப் புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, பழைய சபைக்குத் தலைகுனிந்து திரும்பவும் இல்லை. 1771இல் இறக்கும் வரைக்கும் உபதேசியாராகவே இருந்தார். நாற்பது வருசத்துக்கு மேல். அவர் மனசுக்குள் அந்த 1741 என்னவாக இருந்தது என்று எழுதிவைக்க யாரும் இல்லை. வீரமாமுனிவருக்கு 1968இல் மெரினாவில் சிலை வைத்தார்கள். ராசநாயக்கன் பெயரை உங்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் கேட்டீர்கள்?

ஆகையால் தோழர்களே, மாணவர்களே, ஒரு வேலை. போடியிலிருந்து கூடலூர் வரைக்கும் நம்ம பள்ளத்தாக்கில் இருக்கிற ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எதையும் விட வேண்டாம். நம்ம சனத்தின் குழி எங்கே, நடுவிலா, ஓரத்திலா, இடையில் சுவரோ வேலியோ இருக்கிறதா என்று காலால் அளந்து ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் நம்மாள் எத்தனை, பாதிரியாரில் எத்தனை, நற்கருணை கொடுக்கிற கை யாருடையது, பெரிய வியாழனன்று கழுவப்படுகிற பன்னிரண்டு ஜோடிக் கால்களில் நம் கால் எத்தனை, சப்பரம் எந்த முனையில் திரும்புகிறது, இவற்றையும் எழுதுங்கள். நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள், சுவரை இடித்த சாமியார்களும் உண்டு. ஊர்ப்பேர் போட்டு அனுப்புங்கள். சரிபார்த்து அடுத்த இதழில் வரைபடமாகப் போடுவோம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் பற்றித் தமிழ்நாடே பேசியது. நம்ம ஓடைக்கரைகளைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

அந்த அப்பத்தா அடுத்த மாதமும் பென்சனுக்கு வரும். ரெண்டு மகன்களும் நேரில் வந்து நாமினிப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஒரே நாளில் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பொய்தான். நாமினி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வரட்டும், ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, அந்தப் பாரம் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் இருங்க என்று சொல்லப்போகிறேன்.